அம்மா என்று பேர் வெட்டிய டவரா

கதவைத் திறந்தபோது மீனு கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மூன்று இட்லித் தட்டு, ஒரு வெங்காயக் கூடை, மூடி இல்லாத பவுடர் டப்பா. குக்கரின் ரப்பர் வளையத்தைத் தலை வழியாக மாட்டியிருந்தாள். அது கழுத்துக்கு இறங்கி மாலையாகக் கிடந்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ம்மா!" என்றாள்.

அன்று காவிரிப் பாலத்தில் நெரிசல். மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு சொல்லில் எல்லா அலுப்பும் போய்விட்டது. கைப்பையைக் கீழே போட்டேன், முட்டி போட்டேன், இரண்டு கையையும் விரித்தேன்.

மீனு எழுந்தாள். ஓடினாள். ஆனால் என் பக்கம் இல்லை, சமையலறைப் பக்கம்.

அங்கே அவள் அப்பா அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் லுங்கியைப் பிடித்து இழுத்து, முட்டி போட்ட நிலையிலேயே இருந்த என்னைக் கை காட்டி, மூச்சிரைக்கச் செய்தி சொன்னாள்.

"ம்மா... டாட்டா!"

"ஆமாடா, அம்மா வந்தாச்சு" என்றார் அவர்.

"டாட்டா" என்று மீனு திருத்தினாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் கணக்கில் அம்மா என்றால் அவர். டாட்டா என்றால் நான்.

பெயர் வந்த விதம்

இந்தத் தொடரில் நான் என்னை ரொம்ப நல்லவளாகவே காட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வாசகி போன வாரம் எழுதியிருந்தார். இந்த வாரம் அவருக்கு அந்தக் குறை இருக்காது.

மீனுவுக்கு ஒரு வயது ஆனபோது என் பிரசவ விடுப்பு முடிந்தது. நான் மன்னார்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முரளி, என் கணவர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர். திருவெறும்பூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இரும்புச் சாமான்களின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பார். விடிவதற்கு முன் எழுந்து பாதி வேலையை முடித்துவிடுவார். மீதி, குழந்தை மத்தியானம் தூங்கும்போது. ஆள் வைக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். ஆபீஸில் இதைச் சொன்னபோது எல்லோரும் "கொடுத்து வெச்சவ" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். "அம்மாவுக்கு டாட்டா சொல்லு. டாட்டா, அம்மா, டாட்டா." அவள் கையைப் பிடித்து ஆட்டுவார். நானும் படியிறங்கிக்கொண்டே "டாட்டா, டாட்டா" என்பேன்.

ஐந்து மாதம் தினமும் இதைக் கேட்ட குழந்தை என்ன முடிவுக்கு வரும்? செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிற அந்தப் பொம்பளைக்குப் பெயர் டாட்டா என்றுதானே. பசித்தால் சோறு தருகிறவர், விழுந்தால் தூக்குகிறவர், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறவர் அம்மா. அவள் கண்டுபிடிப்பில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஷோகேஸ் பொம்மை

பொறாமை எனக்குப் புதிதில்லை. கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

நான் வளர்ந்தது திருவெறும்பூரில், தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொம்மை இருந்தது. கண்ணை மூடித் திறக்கும், தங்க முடி வைத்த பொம்மை. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்தது. அதை என் அம்மா பிளாஸ்டிக் உறையோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டாள். விருந்தாளி வந்தால் காட்டுவோம். நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு உஷாவிடம் ஒரு கை போன துணிப் பொம்மை இருந்தது. அதை அவள் தரையில் இழுத்துக்கொண்டே திரிவாள், மண்ணில் குளிப்பாட்டுவாள். உஷாவைப் பார்த்து நான் வயிறெரிந்ததற்கு அளவில்லை. ஒருநாள் அந்தப் பொம்மையின் இன்னொரு கையையும் நான்தான் பிய்த்தேன். உஷாவுக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் என் குழந்தை பொம்மைகளைத் தொட்டு, கடித்து, உடைத்து விளையாட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. சம்பளம் வந்ததும் ஏதாவது ஒன்று வாங்குவேன். பாட்டுப் பாடும் ரயில். அமுக்கினால் மிருகங்களின் பெயரை இங்கிலீஷில் சொல்லும் பலகை. மரவளையங்கள். முதுகைத் தடவினால் வாலை ஆட்டும் நாய்.

மீனு எதையும் சீண்டவில்லை. ரயில் வந்த அன்று அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். அது பாடத் தொடங்கியதும் சமையலறைக்குப் போய் ஒரு டவரா கொண்டுவந்து, அதன் வாயை அடைப்பது போலக் கவிழ்த்து மூடினாள். பாட்டு அமுங்கியது. கையைத் தட்டிக்கொண்டாள்.

"சத்தம் புடிக்கல போல" என்றார் முரளி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் அடக்கியது எனக்குத் தெரிந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

கீழ்த்தட்டு

நான் ஆபீஸ் போகத் தொடங்கிய பிறகு சமையலறையின் கீழ்த்தட்டு முழுவதையும் முரளி மீனுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கத்தி, கண்ணாடி, தூக்க முடியாத பாத்திரம் எல்லாம் மேலே போயின. கீழே டவரா, டம்ளர், வடிகட்டி, பருப்பு மத்து, முறுக்கு அச்சு, சப்பாத்திக் கட்டை, டப்பா மூடிகள். அவள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே நிபந்தனை, அவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு பேரும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே. அவர் தோசை வார்த்தால் அவள் தட்டைக் கவிழ்த்துப் போட்டு மூடியால் தோசை வார்ப்பாள். அவர் டீ வடிகட்டினால் அவள் வெறும் வடிகட்டியில் வெறும் டம்ளரிலிருந்து வெறும் டம்ளருக்கு வடிகட்டிக் குடித்துவிட்டு "ஆ" என்பாள். துணி காயப்போடும்போது கிளிப் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். ஒரு கிளிப் அவருக்கு, ஒன்று தன் சட்டைக்கு. துணி முடிவதற்குள் அவள் உடம்பெல்லாம் கிளிப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்பளம் பொரிக்கலாம் என்று உள்ளே போனேன். எண்ணெய் காய்ந்துவிட்டது, ஜல்லிக் கரண்டியைக் காணோம். மாட்டுகிற ஆணியில் இல்லை. கரண்டிக் கூடையில் இல்லை.

"ஏங்க, ஜல்லிக் கரண்டி எங்க வெச்சீங்க?"

அவர் கூடத்திலிருந்து, "மீனு, அம்மாவுக்கு ஜல்லி எடுத்துக் குடுடா" என்றார்.

மீனு நேராகக் கீழ்த்தட்டுக்குப் போனாள். முறுக்கு அச்சை நகர்த்தினாள். பின்னாலிருந்து ஜல்லிக் கரண்டியை உருவினாள். எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து கூடத்துக்குப் போய் அவர் கையில் கொடுத்தாள். அம்மாவுக்குக் கொடு என்றார் அல்லவா. கொடுத்துவிட்டாள்.

என் வீட்டில், என் சமையலறையில், நான் என் கல்யாணத்துக்கு வந்த கரண்டியைத் தேடுகிறேன். பேசக்கூடத் தெரியாத ஒரு ஆள் அதன் இருப்பிடத்தை அறிந்து வைத்திருக்கிறாள். அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு குடித்தனம் நடக்கிறது. நான் அதற்கு வந்துபோகிற விருந்தாளி.

அன்று சாயங்காலம் ஒரு அற்பக் காரியம் செய்தேன். கீழ்த்தட்டில் இருந்த அத்தனையையும் எடுத்துக் கழுவி மேல்தட்டில் அடுக்கினேன். "இதெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரம். தரையில போட்டு உருட்டினா வயித்துக்கு ஆகாது" என்று சுத்தத்தின் பேரில் ஒரு பிரசங்கம் வேறு. காலியான தட்டில் ரயிலையும் நாயையும் வைத்தேன். மீனு வெறும் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அழுத அழுகை கீழ் வீடு வரை கேட்டது.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. முரளி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெரிய கடைவீதியில்

ஆபீஸில் எனக்கு அடுத்த இருக்கை ரஹ்மத் அக்காவுடையது. பாலக்கரைக்காரர். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். எதற்கும் ஒரு வழி சொல்லாமல் விடமாட்டார், அது தப்பான வழியாக இருந்தாலும்.

நான் கொட்டித் தீர்த்தேன். டாட்டா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பொம்மையைத் தொட மாட்டேன் என்கிறாள், பாத்திரத்தோடேயே கிடக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"அட, இதுக்கா மொகத்த இப்படி வெச்சிருக்கே?" என்றார் அக்கா. "புள்ளைக்குப் பாத்திரம்தானே வேணும்? பாத்திரமே வாங்கிக் குடு. உங்க வீட்டுக்காரரு குடுக்கறது பழசு. நீ புதுசா, பளபளன்னு வாங்கிட்டுப் போ. ஓடி வருதா இல்லையா பாரு."

எனக்கு இது பெரிய யோசனையாகப் பட்டது. அன்றே சாயங்காலம் பெரிய கடைவீதியில் இறங்கினேன். ஒரு பாத்திரக் கடையில் ஏறி, சின்னதாக இரண்டு டவரா, இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, கைக்கு அடக்கமான ஒரு சொம்பு, கிண்ணம், மூடி போட்ட தூக்கு எல்லாம் எடுத்தேன். கடைக்காரர் அறுபது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"பேர் வெட்டணுமாம்மா?"

கடையின் ஓரத்தில் மெஷினோடு ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் யார் எடுத்துப் போகிறோம்? என் வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் யார் யார் பெயரோ இருக்கிறது. மாமியாரின் பெயர், கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயர். அந்த வடிகட்டியிலும் டவராவிலும்தான் என் குழந்தையின் பகல் முழுவதும் கழிகிறது. அதில் எதிலாவது நான் இருக்கிறேனா?

"வெட்டுங்க" என்றேன்.

"என்ன பேரு?"

வாயில் வந்துவிட்டது. "அம்மான்னு போடுங்க."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

கடைக்காரரின் முகம் மாறியது. கையிலிருந்த டவராவை மெதுவாக வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நினைவாகன்னும் சேர்த்துப் போட்டுடவாம்மா?" என்றார்.

"என்னது?"

"அம்மா நினைவாக. பொதுவா அப்படித்தான் போடுவாங்க. காரியத்துக்குக் குடுக்கறதுதானே? அம்மா தவறி எத்தனை நாளாச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லைங்க, இல்ல. உயிரோடதான் இருக்காங்க."

"அய்யய்யோ, மன்னிச்சுக்கங்கம்மா. உங்கம்மா நூறு வயசு இருக்கணும்."

என் அம்மா திருவெறும்பூரில் சுகமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன், அந்த அம்மா நான்தான் என்று. உயிரோடு, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர் எதிரிலேயே நிற்கிறேன் என்று.

"வெறும் அம்மா போதும்" என்றேன். மெஷின் ட்ர்ர்ர் என்று ஓடத் தொடங்கியது.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது.

யார் கொடுத்த சீர்?

மீனு புதுப் பாத்திரங்களைப் பார்த்தாள். ஒரு டம்ளரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து அதில் தெரிந்த மூக்கை நக்கினாள். வைத்துவிட்டாள். பிறகு கீழ்த்தட்டுக்குப் போய், விளிம்பு நசுங்கிய பழைய டவராவை எடுத்துக்கொண்டு முரளியின் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அப்போது தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். இவளும் கரைத்தாள்.

அவளுக்குப் பாத்திரம் வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் இருப்பது வேண்டியிருந்தது. நான் வாங்கி வந்தது எதுவும் யார் கையிலும் இல்லாத பாத்திரம். பளபளப்பாக இருந்து என்ன? அதுவும் ரயில் மாதிரிதான்.

இரண்டு நாள் கழித்து முரளி பாத்திரம் கழுவும்போது புது டவரா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மான்னு போட்டிருக்கு. உங்கம்மா வாங்கிக் குடுத்தாங்களா? சொல்லவே இல்லியே. ஒரு போன் பண்ணிடவா?"

"எங்கம்மா ஒண்ணும் வாங்கல."

"அப்புறம்?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குழாயை மூடினார்.

"சுகந்தி, இது என்ன..."

"அவ உங்களத்தான் அம்மாங்கறா. உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கு. நான் யாரு இந்த வீட்டுல? டாட்டா. வேலைக்காரியக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"நான் சொல்லிக் குடுக்கலேங்கறியா? தினமும் உன் போட்டோவக் காட்டி, அம்மா யாரு, அம்மா யாருன்னு கேக்கறேன். போட்டோவப் பாத்தும் டாட்டாங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க. அதான் பிரச்சினையே."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ஒரு மனிதர் என் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காக அவரோடு சண்டை போடுகிறேன். சோறு ஊட்டுகிறார், தூங்க வைக்கிறார், பீ துடைக்கிறார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் கொஞ்சம் மோசமாகச் செய்யக் கூடாதா என்று இருந்தது எனக்கு. இதைவிடக் கீழான ஆசை உண்டா, தெரியவில்லை. அப்போது அதுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை

அந்த வாரம் சனிக்கிழமை முரளி திருவெறும்பூர்ப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஏதோ திருத்தம், நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கு விடுமுறை. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு முழுப் பகலும் மீனுவோடு நான் தனியாக இருக்கப்போவது அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் மீனு தேடத் தொடங்கினாள். "ம்மா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினாள். "ம்மா?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் பின்னாலேயே போய் "அம்மா இங்க இருக்கேன்டா" என்றேன். பொறுமையாக என்னைப் பார்த்துவிட்டு மேலும் தேடினாள்.

பத்து மணிக்கு நான் கை விட்டுவிட்டேன். பீன்ஸும் முறமும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இன்று அவளைச் சிரிக்க வைக்கப் போவதில்லை, பொம்மை காட்டப் போவதில்லை, அவள் பாட்டுக்கு இருக்கட்டும், நான் பீன்ஸ் நறுக்குகிறேன் என்று.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சலசலப்புக் கேட்டது. ஆணியில் மாட்டியிருந்த என் சாப்பாட்டுப் பையின் வாரைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டாள். அதற்குள் ஒரு டப்பா மூடியும் இரண்டு கிளிப்பும் போட்டாள். தோளில் மாட்டினாள். பை தரையில் இழுபட்டது. என் செருப்பில் காலை நுழைத்து, தட்டுத் தடுமாறி, படுக்கையறை வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள்.

"டாட்டா" என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையை இறக்கி வைத்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு கையையும் நீட்டி "வா, வா" என்றேன்.

மீனு உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இரு."

குளியலறைப் பக்கம் போனாள். மூடிய கதவின் எதிரே நின்று இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினாள், தண்ணீர் இல்லாமல். பாவாடையில் துடைத்தாள். வந்தாள். நான் மறுபடி கையை நீட்டினேன். "இரு" என்றாள், என்னைப் பார்க்காமலேயே. சோப்பு டப்பாவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். "ஆ... ஆ... சயி... ஆ."

அது நான்தான். ஒரு அசைவு தப்பவில்லை. ஆபீஸிலிருந்து வந்து கை கழுவாமல் குழந்தையைத் தொட மாட்டேன். கழுவி முடிப்பதற்குள் ஆபீஸிலிருந்தே யாராவது கூப்பிடுவார்கள். ஐந்து நிமிஷம் என்று நினைத்திருந்தேன். தரையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. என்னை அவள் மீனு ஆக்கியிருந்தாள். மீனுவாக இருப்பது லேசில்லை.

கடைசியில் டப்பாவை வைத்தாள். என்னிடம் வந்தாள். என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, முகம் சிவக்க, "ஹுப்பா!" என்று தூக்கினாள். நான் தினமும் அவளைத் தூக்கும்போது சொல்கிற ஹுப்பா. நான் நகரவில்லை. மறுபடி "ஹுப்பா!" என்று தம் கட்டினாள். மூன்றாவது தடவை நானே எழுந்து, அவள் தூக்கிவிட்டதாக ஆக்கினேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே பையை மாட்டிக்கொண்டு மறுபடி "டாட்டா" என்று கிளம்பிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை ஆபீஸ் போய் வந்தாள். பீன்ஸ் நறுக்கி முடியவில்லை.

சாயங்காலம் முரளி வந்ததும் முதல் காரியமாக இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தினமும் இதான் நடக்குது. நீ போய்ப் பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சுடுவா. நான்தான் மீனு. சில நாள் மீட்டிங்குல இருக்கும்போதுகூட வந்து தூக்குவா."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அந்த இரு, இருவைக் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்." சட்டையைக் கழற்றி மாட்டினார். "அதோட..."

"அதோட?"

"அந்த வெளையாட்டுல மீனு இருக்கா, நீ இருக்கே. எனக்கு வேஷமே இல்ல. பகல் பூரா கூட இருக்கறவன் நான். அத எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

அவருக்கும் பொறாமை. இத்தனை நாள் ஒரே வீட்டில், ஆளுக்கொரு மூலையில், ஒரே சட்டியில் வெந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் நியாயமாக அவரைத் தேற்றியிருக்க வேண்டும். மனசுக்குள் எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன வெற்றி. அதை வைத்துக்கொண்டு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே மாற்றம், வீட்டுக்கு வந்ததும் போனை எடுப்பதில்லை. கை கழுவும்போது அவளுக்கும் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூரிக்கு மாவு பிசைந்தால் ஒரு உருண்டை அவளுக்கு. என் பெயர் மட்டும் டாட்டாவாகவே இருந்தது.

இரண்டு வயது தாண்டி

மீனுவுக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முரளி அடுப்படியில் சட்னிக்குத் தாளிக்க எண்ணெய் வைத்திருந்தார். நான் வாசலை ஒட்டி உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மீனு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, இறங்கத் தெரியாமல் நின்றாள்.

"அம்மா!"

முழுசாக, தெளிவாக, அம்மா.

"என்னடா?" என்றோம், அவரும் நானும் ஒரே நேரத்தில். அவர் கரண்டியோடு இரண்டு எட்டு வைத்து வந்துவிட்டார். ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பழகிய மனிதர்.

மீனு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இல்ல" என்றாள். என்னைக் கை காட்டினாள். "அம்மா."

நான் துணியைப் போட்டுவிட்டுப் போய் அவளைத் தூக்கினேன். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். உச்சந்தலை வரை சந்தோஷம். ஆறேழு மாதமாக இந்த ஒரு சொல்லுக்காகப் பொருமியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், பாத்திரத்தில் வெட்டியிருக்கிறேன். கிடைத்துவிட்டது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? ஜெயித்தவள் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

"ஆமாடா. நான் இல்ல" என்றார் முரளி. சிரித்தார். "நான் அப்பா."

அந்த வார்த்தை மீனுவிடம் இன்னும் இல்லை.

அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கடுகைப் போட்டார். வெடித்தது, அடங்கியது, கருகும் வாசனை வந்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.